இரவல் நூலில் நெய்த இணையதளம்

காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம்.

காலை நேரம். தெருவெங்கும் தறிச் சத்தம். ஒரு வீட்டில் மட்டும் தறி நின்றுவிட்டது.

தறியில் இருந்த அப்பா எழுந்து வாசலுக்கு வந்தார். மகள் மடிக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கலங்கிப் போய் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"படமெல்லாம் போயிடுச்சுப்பா. பதினாறு சேலைப் படம். ஒண்ணுகூடத் தெரியலை."

மகள் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். வீட்டில் நெய்யும் சேலைகளை நேரடியாக விற்பதற்கு அவளே ஓர் இணையதளம் செய்திருந்தாள். வெளியூர்க் கல்யாண வீட்டார் ஒருவர் அன்று காலை அதைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். முகூர்த்தப் புடவை உள்பட ஐந்து சேலைகள் வாங்குவதாகப் பேச்சு.

அவர்கள் பார்த்தபோது பக்கம் வெறுமையாக இருந்தது. ஆர்டர் கொடுக்கும் பொத்தானை அழுத்தினார்கள். அதுவும் அசையவில்லை.

"ராத்திரி நீ ஏதாவது மாத்தினியா?"

"ஒரு வாரமா நான் அதைத் தொடவே இல்லைப்பா!"

தொடாத பக்கம் எப்படிக் கெட்டது?

அந்த வீட்டார் பிறகு நம்மிடம் சொன்ன விஷயம் இது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆனால் நடந்ததைச் சொல்லலாம் என்றார்கள். இன்று வீட்டுக்கு வீடு பிள்ளைகள் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள். அவர்களுக்கு உபயோகமாக இருக்கும் என்பது அவர்கள் எண்ணம்.

மூன்று சரக்கு

ஓர் இணையதளப் பக்கத்துக்கு மூன்று சரக்கு வேண்டும்.

முதலாவது, எழுத்தும் படமும் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் சட்டம். அதற்கு ஹெச்.டி.எம்.எல். என்று பெயர். இரண்டாவது, நிறமும் அளவும் அலங்காரமும். அது சி.எஸ்.எஸ். மூன்றாவது, அசைவு. பொத்தானை அழுத்தினால் படம் மாறுகிறதே, விலையைக் கூட்டிக் காட்டுகிறதே, அந்த வேலையைச் செய்வது ஜாவாஸ்கிரிப்ட் என்ற மொழி.

உலகின் முதல் இணையதளத்தை 1991-ல் அமைத்தவர் டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர். அப்போது பக்கங்களில் அசைவே கிடையாது. 1995-ல் நெட்ஸ்கேப் என்ற அமெரிக்கக் கம்பெனியில் வேலை பார்த்த பிரெண்டன் ஐக் என்பவர் ஜாவாஸ்கிரிப்டை உருவாக்கினார். அதன் முதல் வடிவத்தைச் செய்து முடிக்க அவர் எடுத்துக்கொண்டது பத்தே நாள்!

அவசரத்தில் பிறந்த குழந்தைதான். ஆனாலும் உலகம் முழுவதும் ஓடியாடியது.

ஊருக்கு ஒரு பேச்சு

இதில் ஒரு சங்கடம் இருந்தது.

இணையதளத்தைக் காட்டும் கருவிக்கு பிரௌசர் என்று பெயர். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், ஃபயர்பாக்ஸ், சஃபாரி என்று பல பிரௌசர்கள் வந்தன. எல்லாம் ஜாவாஸ்கிரிப்டைப் புரிந்துகொண்டன. ஆனால் நெல்லையில் ஒரு பேச்சு, கோவையில் ஒரு பேச்சு என்பதுபோல ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசாகப் புரிந்துகொண்டது.

ஒன்றில் ஓடிய பக்கம் மற்றொன்றில் நொண்டும். ஆகவே ஒரே வேலையை இரண்டு மூன்று விதமாக எழுதிவைக்க வேண்டியிருந்தது. வேலை செய்தவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள்.

2006-ல் ஜான் ரெஸிக் என்ற அமெரிக்க இளைஞர் இதற்கு ஒரு வழி கண்டார். அடிக்கடி தேவைப்படும் வேலைகளை எல்லாம் ஒழுங்காக எழுதி, ஒரே கட்டாகக் கட்டினார். எந்த பிரௌசர் எப்படிப் பேசும் என்ற கவலையை அந்தக் கட்டே பார்த்துக்கொள்ளும். நாம் ஒரு வரி எழுதினால் போதும்.

அந்தக் கட்டின் பெயர் ஜேக்வெரி. 'குறைவாக எழுது, நிறையச் செய்' என்பது அதன் கொள்கை.

இப்படிப்பட்ட கட்டை 'லைப்ரரி' என்கிறார்கள். தமிழில் நூலகம். காஞ்சிபுரத்தில் நூல் என்றால் முதலில் மனசில் தோன்றுவது புத்தகமா? இழைதான்! இந்த நூலகத்துக்கும் அந்த அர்த்தம் பொருந்தும். யாரோ பக்குவமாக நூற்றுவைத்த இழை. எடுத்து நெய்ய வேண்டியது நம் வேலை.

விலை? ஒரு பைசா கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், வியாபாரத்திலும் உபயோகிக்கலாம். எழுதியவர்களின் உரிமைக் குறிப்பை மட்டும் அழிக்கக் கூடாது.

இன்றும் உலகின் பாதிக்கும் மேற்பட்ட இணையதளங்களில் ஜேக்வெரி இருக்கிறது.

தறிக்கு மேல் ஒரு பெட்டி

லைப்ரரி புரிந்தது. 'பிளக்-இன்' என்கிறார்களே, அது என்ன?

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். தறி ஒன்று இருக்கிறது. அதில் வெறும் சேலை நெய்யலாம். கரையில் மயிலும் அன்னமும் மாங்காயும் ஓட வேண்டும் என்றால்? தறிக்கு மேல் ஜக்கார்டு பெட்டியை ஏற்றுகிறார்கள். துளையிட்ட அட்டைகளைக் கோத்துவிடுகிறார்கள். துளை இருக்கும் இடத்தில் இழை தூக்கும். இல்லாத இடத்தில் தூக்காது. அட்டையை மாற்றினால் மயில் போய் அன்னம் வரும். தறியை மாற்ற வேண்டியதில்லை.

பிரான்சு தேசத்து லியோன் நகரில் 1804-ல் ஜோசப் மேரி ஜக்கார்டு செய்த கருவி அது. அந்தத் துளை அட்டையைப் பார்த்துத்தான் பின்னால் கணக்குப் போடும் இயந்திரங்களுக்கும் அட்டை வந்தது. 1890-ல் அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கையே துளை அட்டையை வைத்து எண்ணினார்கள். கம்ப்யூட்டரின் வம்சாவளியில் தறிக்கும் ஓர் இடம் உண்டு!

பிளக்-இன் என்பது அப்படிப்பட்ட பெட்டி. ஜேக்வெரி தறி என்றால், அதன்மேல் ஏற்றுவது பிளக்-இன். படங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்ட ஒரு பெட்டி. நாட்காட்டி காட்ட ஒரு பெட்டி. படிவத்தில் தொலைபேசி எண் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பெட்டி. இப்படி ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

வெளியார் பெட்டி ஏற்றுவதற்கென்றே ஜேக்வெரியில் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அந்த வாசலுக்கு 'எஃப்.என்.' என்று பெயர். பிளக்-இன் எழுதுகிறவர் தம் கட்டளையை அந்த வாசலில் கட்டிவிட்டால் போதும். அதன்பின் ஜேக்வெரியின் சொந்தக் கட்டளைபோலவே அதையும் கூப்பிடலாம்.

ஒரு நிபந்தனை உண்டு. முதலில் ஜேக்வெரி வந்து நிற்க வேண்டும். அதன்பிறகே பிளக்-இன் வர வேண்டும். தறி போடும் முன் பெட்டியை ஏற்ற முடியுமா?

தமிழுக்கு உதவிய பெட்டி

பிளக்-இன் என்றால் வெறும் படம் ஓட்டும் விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். தமிழுக்கே உதவிய பெட்டி ஒன்று இருக்கிறது.

தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கியது. பொதுமக்களே எழுதிச் சேர்த்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் அதில் இருக்கின்றன. ஆனால் கடையில் வாங்கும் விசைப்பலகையில் பெரும்பாலும் ஆங்கில எழுத்துத்தானே இருக்கிறது? தமிழில் எழுதுவது எப்படி?

விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா நிறுவனத்தின் மொழிக் குழுவினர் 2012-ல் இதற்கு ஒரு ஜேக்வெரி பிளக்-இன் செய்தார்கள். அதன் பெயர் ஜேக்வெரி ஐ.எம்.இ. அது விசைப்பலகைக்கும் எழுதும் கட்டத்துக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்கிறது. ஒவ்வொரு விசையையும் பார்க்கிறது. தன்னிடம் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டுத் தமிழ் எழுத்தாக மாற்றிக் கொடுக்கிறது.

ஒலிபெயர்ப்பு முறையில் ஆங்கில 'கே' விசையை அழுத்தினால் 'க்' விழும். அடுத்து 'ஏ' விசையை அழுத்தினால் புள்ளி மறைந்து 'க' ஆகும்.

1999-ல் தமிழக அரசு அங்கீகரித்த 'தமிழ்-99' முறையும் அதில் இருக்கிறது. அதில் 'அம்மா' என்று எழுத நாலே விசை: அ, ம, ம, ஆ. நடுவில் உள்ள புள்ளியைப் பெட்டியே வைத்துக்கொள்ளும்!

பாமினி, இன்ஸ்கிரிப்ட் முறைகளும் உண்டு. கன்ட்ரோல் விசையோடு 'எம்' விசையை அழுத்தினால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறிக்கொள்ளலாம்.

தமிழுக்கு மட்டும் அல்ல, அறுபதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்கு இதே பெட்டி உதவுகிறது. பெட்டி ஒன்றுதான், அட்டைதான் வேறு. தமிழ்ப் பட்டியலைத் திருத்த விரும்புகிறவர் அந்தப் பட்டியலை மட்டும் திருத்தினால் போதும். இதையும் யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் தளத்தில் ஏற்றிக்கொள்ளலாம். அதுவும் இலவசம்.

நம் கதையில் வரும் மகளும் இதை எடுத்திருந்தாள். விலாசத்தைத் தமிழிலேயே எழுதட்டும் என்று தன் ஆர்டர் படிவத்தில் சேர்த்திருந்தாள்.

அப்படியானால் கெட்டது எது?

பதினோரு வரி செய்த கலகம்

அதைச் சொல்லுமுன் உலகத்தில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்ல வேண்டும்.

2016 மார்ச் 22. 'லெப்ட்-பேட்' என்று ஒரு சிறு நிரல் இருந்தது. எழுத்துக்கு இடதுபுறம் வேண்டிய அளவு இடமோ பூஜ்யமோ சேர்க்கும். 7 என்பதை 007 ஆக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. மொத்தம் பதினோரு வரி.

அதை எழுதியவருக்கு வேறொரு நிரலின் பெயர் சம்பந்தமாக ஒரு தகராறு வந்தது. கோபத்தில், என்.பி.எம். என்ற பொதுக் கிடங்கில் தாம் வைத்திருந்த எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். அந்தப் பதினோரு வரியும் போனது. மறுநிமிஷம் உலகின் பல பாகங்களில் பெரிய பெரிய கம்பெனிகளின் வேலை நின்றது! அவர்கள் எடுத்த சரக்கு வேறொன்றை நம்பியிருந்தது. அது இன்னொன்றை நம்பியிருந்தது. கடைசியில் எல்லாம் இந்தப் பதினோரு வரியின்மேல் நின்றிருந்தன. தாங்கள் அதை நம்பியிருப்பதே பலருக்குத் தெரியாது. கிடங்குக்காரர்கள் சில மணி நேரத்தில் அதைத் திரும்ப வைத்த பிறகுதான் நிலைமை சீரானது.

இரண்டாவது சம்பவம் இதைவிட மோசம். 'பாலிஃபில் டாட் ஐ.ஓ.' என்று ஓர் இணைய விலாசம். பழைய பிரௌசர்களுக்கு உதவும் ஜாவாஸ்கிரிப்டை அது இலவசமாக வழங்கிவந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அதை அங்கிருந்தே நேராக வரவழைத்துக்கொண்டிருந்தன. 2024 பிப்ரவரியில் அந்த விலாசம் கைமாறியது. ஜூன் மாதம் குட்டு வெளிப்பட்டது. நல்ல சரக்கோடு கெட்ட சரக்கும் கலந்து வந்துகொண்டிருந்தது! செல்போனில் பார்த்த ஜனங்களில் சிலர் சூதாட்டத் தளங்களுக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். தளத்தின் சொந்தக்காரர்கள் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஆனாலும் அவர்கள் வாசல் வழியாகத் திருடன் வந்துவிட்டான்.

நடந்தது என்ன?

பிள்ளையார்பாளையம் வீட்டுக்கு வருவோம்.

அங்கே திருடன் வரவில்லை. நடந்தது முதல் சம்பவத்தைப் போன்றது.

சேலைப் படங்களை ஓட்டும் பிளக்-இன்னை மகள் தன் தளத்தில் வைத்துக்கொள்ளவில்லை. யாரோ முன்பின் தெரியாத ஒருவரின் விலாசத்திலிருந்து அது ஒவ்வொரு தடவையும் வந்துகொண்டிருந்தது. அன்று காலை அந்த விலாசம் பதில் சொல்லவில்லை. பெட்டி வரவில்லை.

சரி, பெட்டி வராவிட்டால் படம் ஓடாது. ஆனால் படமே தெரியாமல் போனது ஏன்?

பெட்டி தயாராகும்வரை படங்களை மறைத்துவை என்று பக்கத்தில் ஒரு கட்டளை இருந்தது. படங்கள் தாறுமாறாகத் தோன்றக் கூடாது என்பதற்காக எழுதியது. பெட்டி வந்து திரையை விலக்க வேண்டும். பெட்டி வரவில்லை, திரையும் விலகவில்லை.

ஆர்டர் பொத்தான் ஏன் நின்றது? ஜாவாஸ்கிரிப்ட் கட்டளைகள் மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். வராத பெட்டியைக் கூப்பிட்டதும், 'அப்படி ஒன்று இல்லை' என்று பிரௌசர் அந்த வரியிலேயே நின்றுவிட்டது. பொத்தானுக்கான கட்டளை அதற்குக் கீழே இருந்தது. அந்த வரிக்குப் போகவே இல்லை.

ஓர் இழை அறுந்தது. தறியே நின்றது.

மகள் இதையெல்லாம் கண்டுபிடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. அப்பாவிடம் சொன்னாள். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் ஒரு கேள்வி கேட்டார்.

"யார் கொடுத்த நூலுன்னு பார்க்காம பாவு போடுவியாம்மா?"

கேட்டு, பார்த்து வாங்கு

இரவல் வாங்குவது குற்றம் இல்லை. இது காஞ்சிபுரத்துக்குத் தெரியாதா?

காஞ்சிபுரம் பட்டுக்குப் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து பட்டு இழை வருகிறது. சூரத்திலிருந்து சரிகை வருகிறது. சாயம் போடுகிறவர் ஒருவர். பாவு ஓட்டுகிறவர் ஒருவர். உடலும் கரையும் வேறு வேறு நிறமான கோர்வைச் சேலை என்றால் மூன்று நாடா ஓடும். நெய்கிறவருக்குத் துணையாக இன்னொருவர் உட்காருவார். தனி ஒருவர் செய்த காஞ்சிபுரம் சேலை என்று ஒன்று கிடையாது. ஆனாலும் 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது காஞ்சிபுரத்தின் பெயருக்குத்தான். ஏன்? வந்த சரக்கைப் பார்த்து வாங்கி, சேர்க்கத் தெரிந்த ஊர் இது.

அசல் சரிகையைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரியும். வெள்ளிக் கம்பி சுற்றி, தங்க முலாம் பூசியது அது. சுத்தமான பட்டு என்று காட்ட 2004 முதல் 'சில்க் மார்க்' முத்திரையும் இருக்கிறது.

கம்ப்யூட்டர் சரக்குக்கும் இப்படிச் சோதனைகள் உண்டு. மகள் அன்றிலிருந்து கைக்கொண்ட விதிகள் இவை:

ஒன்று: எடுத்த லைப்ரரியையும் பிளக்-இன்னையும் தன் தளத்திலேயே பிரதி எடுத்து வைத்துக்கொள்வது. அடுத்த வீட்டு விளக்கை நம்பிச் சமைக்கக் கூடாது.

இரண்டு: வெளியிலிருந்து வரவழைத்தே தீர வேண்டும் என்றால், கைரேகை கேட்பது. ஒவ்வொரு நிரலுக்கும் கணக்குப் போட்டு ஒரு முத்திரை எடுக்கலாம். அந்த முத்திரையைப் பக்கத்தில் எழுதிவைத்தால், வந்த சரக்கில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பிரௌசர் அதைத் தள்ளிவிடும்.

மூன்று: எந்தப் பதிப்பு என்று குறித்துவைப்பது. பிரதி எடுத்துவிட்டோம் என்று தூங்கிவிடவும் கூடாது. ஜேக்வெரியின் பழைய பதிப்புகளில் இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையை 2020-ல் வந்த 3.5 பதிப்பில் அடைத்தார்கள். பழையதையே வைத்திருந்தவர்களிடம் ஓட்டையும் இருந்தது.

நான்கு: பெட்டி வராவிட்டாலும் பக்கம் நிற்க வேண்டும். படங்கள் முதலில் தெரியட்டும். ஓடுவது பிறகு. ஆர்டர் படிவம் ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலே போய்ச் சேரட்டும்.

ஐந்து: தேவை இல்லாத பெட்டியை இறக்குவது. எட்டுப் பிளக்-இன் இருந்தது. இப்போது இரண்டுதான். பக்கமும் முன்னைவிட விரைவாகத் திறக்கிறது.

தறியும் தெரிய வேண்டும்

"ஜேக்வெரியே பழசாகிவிட்டது என்கிறார்களே?" என்று சிலர் கேட்கலாம்.

உண்மையும் இருக்கிறது. இன்றைய பிரௌசர்கள் ஏறக்குறைய ஒரே பேச்சுப் பேசுகின்றன. ஜேக்வெரி கற்றுக்கொடுத்த பல வேலைகள் இப்போது ஜாவாஸ்கிரிப்டிலேயே நேராகக் கிடைக்கின்றன. நிரல் எழுதுகிறவர்கள் கூடும் 'கிட்ஹப்' தளம் 2018-ல் ஜேக்வெரியைத் தன் பக்கங்களிலிருந்து எடுத்துவிட்டது. 'பூட்ஸ்டிராப்' என்ற பிரபலமான அலங்காரக் கட்டு, 2021-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஜேக்வெரி இல்லாமலே நடக்கத் தொடங்கியது.

அதனால் ஜேக்வெரி வீண் என்று அர்த்தம் இல்லை. ஏற்கனவே ஓடும் கோடிக்கணக்கான பக்கங்களைப் பழுதுபார்க்க அது தெரிந்தே ஆக வேண்டும். ஆனால் புதிதாகப் படிக்கும் பிள்ளைகள் முதலில் ஜாவாஸ்கிரிப்டைக் கற்க வேண்டும். பெட்டி ஏற்றத் தெரிந்து தறி தெரியாதவர், பெட்டி நின்ற அன்று கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்.

அந்தக் கல்யாண ஆர்டர் என்ன ஆயிற்று?

போனது போனதுதான். அவர்கள் காத்திருக்கவில்லை, கடைவீதியில் வாங்கிவிட்டார்கள். ஐந்து சேலை என்றால் ஒரு தறி வீட்டுக்கு அது சின்ன விஷயம் அல்ல.

ஆனால் தளம் இப்போது நடக்கிறது. மாதம் ஒருமுறை மகள் ஒரு காரியம் செய்கிறாள். பிரௌசரில் ஜாவாஸ்கிரிப்டையே நிறுத்திவிட்டுத் தன் பக்கத்தைத் திறக்கிறாள். படங்கள் ஓடுவதில்லை. ஆனால் பதினாறு சேலையும் தெரிகின்றன.

அப்பா தறியை விட்டு எழுந்து வருகிறார். ஒவ்வொரு படமாக எண்ணிப் பார்க்கிறார்.

"எல்லாம் இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தறிக்குப் போகிறார்.